புது எடிஷனுக்கு மாறலாமா? அல்சூர் மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை மாலை ஆறு பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். நான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவன். 2024இல் இந்த ஆட்டத்தின் புது விதிப் புத்தகம் வந்ததிலிருந்து புதிதாக வருகிறவர்களும் வேறு மேசைகளில் ஆடும் நண்பர்களும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி விரல் தேய்ந்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் கொட்டிவிடுகிறேன்.

முதலில், இது என்ன ஆட்டம்?

ஒருவர் இடத்தையும் சூழலையும் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து "நான் கதவை உதைக்கிறேன்", "நான் அந்தக் கிழவிகிட்ட நைசா பேசிப் பார்க்கிறேன்" என்பார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருளும். பெரும்பாலும் 20 முகம் கொண்ட டி20. ஜெயித்தவன் தோற்றவன் கணக்கு கிடையாது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974இல் வெளிவந்தது. இதற்கு மேல் விளக்கினால் குழப்பம்தான் வரும். ஒரு சனிக்கிழமை வந்து உட்கார்ந்து பாருங்கள்.

எடிஷன் என்றால்? புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு மாதிரியா?

இல்லை. நம் புத்தகங்களில் இரண்டாம் பதிப்பு என்றால் அச்சுப் பிழையைத் திருத்தி அட்டையை மாற்றியிருப்பார்கள். இங்கே ஆட்டமே மாறும்.

தாயக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாட்டி வீட்டில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். அத்தை வீட்டில் ஐந்துக்கும் இறக்கலாம். கட்டை அதேதான், கட்டமும் அதேதான். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் வெறுமை, 1, 2, 3 என்று நான்கு முகம். மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம் 2 விதம், ஐந்து 2 விதம். ஐந்தையும் சேர்த்துக்கொண்டதும் இறங்கும் வாய்ப்பு இரட்டிப்பாகிவிடுகிறது. அத்தை வீட்டில் அரை மணியில் எல்லோர் காயும் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டி வீட்டில் ஒருத்தன் இன்னும் முழங்காலைக் கட்டிக்கொண்டு அடுத்தவன் ஆடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பான். ஒரே ஒரு விதிதான் வித்தியாசம். எடிஷன் மாறும்போது இப்படி நூறு விதிகள் ஒரே நாளில் மாறுகின்றன.

டி அண்ட் டி கதைச் சுருக்கம்: 1989இல் இரண்டாம் எடிஷன், 2000இல் மூன்றாவது, 2003இல் அதையே செப்பனிட்ட 3.5, 2008இல் நான்காவது, 2014இல் ஐந்தாவது, 2024இல் ஐந்தாவதன் திருத்தம். கடைசியாக வந்ததற்கு, ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம் அப்போது புது எண் கொடுக்கவில்லை. பலர் 5.5 என்கிறார்கள். எங்கள் மேசையில் 'புதுசு', 'பழசு', அவ்வளவுதான்.

புது எடிஷன் நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

என்னிடம் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது. ஆட்டத்தின் நடுவே விதிப் புத்தகத்தை எத்தனை தடவை திறந்தோம்? நோட்டின் ஓரத்தில் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போடுவேன். புது எடிஷனின் முதல் செஷனில் எத்தனை கோடு விழுந்தாலும் கவலையில்லை, பழக்கமின்மை. ஆறாவது செஷனிலும் அதே அளவு விழுந்தால் அந்த எடிஷனில் கோளாறு. 2024 புத்தகத்துக்கு முதல் நாள் 19 கோடு. ஆறாவது நாள் 5.

ஒரு உதாரணம். ஒருவன் எதிரியை அடிக்காமல் கட்டிப்பிடித்து அமுக்கப் பார்க்கிறான். கிராப்பிள் என்பார்கள். 3.5 எடிஷனில் இது நடந்தால் மேசையே பெருமூச்சு விடும். பிடிக்கப் போனால் முதலில் எதிரிக்கு ஒரு இலவச அடி. அதைத் தாங்கினால், தொடுவதற்கென்று ஒரு தனித் தாக்குதல். தொட்டுவிட்டால் இருவரும் எதிரெதிராகப் பகடை. அதில் உடல் அளவுக்குக் கூட்டல் கழித்தல். அதிலும் ஜெயித்தால் எதிரி நிற்கும் கட்டத்துக்குள் நகர வேண்டும். புத்தகத்தைத் திறக்காமல் இதை நடத்திய டிஎம்மை நான் பார்த்ததில்லை. 2014இல் அது இருவர் பகடையாகச் சுருங்கியது. 2024இல் இன்னும் சுருக்கம். பிடிக்கிறவன் பகடையே போட வேண்டாம். பிடிபடுகிறவன் ஒரு தடவை போட்டு, தப்பித்தானா இல்லையா, முடிந்தது.

இதில் நான் கவனித்தது ஒன்று உண்டு. 3.5 காலத்தில் எங்கள் மேசையில் யாருமே கட்டிப்பிடிக்க மாட்டார்கள். விதி தடுக்கவில்லை, சோம்பல்தான் தடுத்தது. இப்போது வாரம் ஒருத்தன் பிடிக்கிறான். போன மாதம் எங்கள் குள்ளன் ஒரு கழுகுச் சிங்கத்தின் கழுத்தைப் பிடித்துத் தொங்கி, அது பறக்கத் தொடங்கிய பிறகும் விடவில்லை. அந்த அரை மணி நேரம் புத்தகம் என் மடியில் மூடியே கிடந்தது.

அப்படியானால் கணக்கு குறைய வேண்டும் என்கிறீர்களா?

குறைந்தால் நல்லது. ஆனால் எந்தத் திசையில் போடுகிற கணக்கு என்பது அதைவிட முக்கியம். இரண்டாம் எடிஷனில் 'தாக்கோ' என்று ஒரு எண் உண்டு, கவசம் பூச்சியமாக உள்ள எதிரியை அடிக்க டி20இல் விழ வேண்டியது. கவசம் நல்லதாக ஆக ஆக அதன் எண் குறையும், பூச்சியத்துக்குக் கீழேயும் போகும். உங்கள் தாக்கோ 17, எதிரியின் கவசம் 4 என்றால் 17இல் 4 போக 13 வேண்டும். கவசம் மைனஸ் 3 என்றால்? மைனஸைக் கழித்தால் கூட்டல், ஆக 20. ஒன்பதாம் வகுப்பு கணக்கு டீச்சர் கனவில் வருவார்.

2000இல் இதைத் தலைகீழாக்கினார்கள். கவசம் நல்லதாக ஆக எண் ஏறும். பகடையோடு உங்கள் பலத்தைக் கூட்டி அந்த எண்ணை எட்டினால் அடி விழும். மேலே சொன்ன அதே ஆளுக்கு இப்போது பலம் 3, எதிரியின் கவசம் 16. பகடையில் வேண்டியது அதே 13. வாய்ப்பு ஒரு இம்மி மாறவில்லை. ஆனால் கழித்தல் போய்க் கூட்டல் வந்தது, அதனால் அடித்தவனே தன் கணக்கைச் சொல்ல முடிந்தது. என்னைக் கேட்டால் இத்தனை ஆண்டுகளில் நடந்த மிக நல்ல மாற்றம் இதுதான். இன்று வரும் பிள்ளைகளுக்கு இது ஒரு மாற்றம் என்றே தெரியாது.

அட்வான்டேஜ் விதியை எல்லோரும் ஏன் இப்படிப் புகழ்கிறார்கள்?

2014இல் வந்தது. உங்களுக்குச் சாதகமான நிலை என்றால் இரண்டு டி20 போட்டுப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். பாதகம் என்றால் சின்னதை. இரண்டும் சேர்ந்து வந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், ஒற்றைப் பகடை.

இதற்கு முன் உயரத்தில் நின்றால் ஒன்று, பக்கவாட்டில் நண்பன் நின்றால் இரண்டு, மந்திரத்துக்கு ஒன்று என்று சில்லறை எண்ணுவது போல எண்ண வேண்டும். எண்ணி முடித்துப் பகடையை உருட்டி "விழலை" என்று நான் சொன்ன பிறகு, "அண்ணா, அந்த ஆசீர்வாதத்தை மறந்துட்டேன், ஒண்ணு சேர்த்துக்கலாமா?" என்று ஒரு குரல் வரும். எல்லோரும் பின்னால் போய் மறுபடி கணக்குப் போடுவோம். அந்தக் குரலை அட்வான்டேஜ் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது.

11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டிய இடத்தில் சாதாரணமாக 50 சதவீதம். அட்வான்டேஜில் 75, பாதகத்தில் 25. ஆனால் 20தான் விழ வேண்டும் என்றால் 5 சதவீதம் 9.75 ஆகிறது, அவ்வளவுதான். நடுவில் இருக்கும் வாய்ப்புகளைத் தூக்கிவிடும், நடக்கவே நடக்காத காரியத்தைப் பெரிதாக நடத்திக் கொடுக்காது. அது சரிதான்.

எண்களை விடுங்கள். முதல் பகடை 4இல் நின்று, இரண்டாவது இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் அந்த ஒரு நொடியில் ஆறு பேரும் மேசைமேல் குனிகிறார்கள். கூட்டல் கழித்தலில் அது கிடைக்காது. எங்கள் மேசையில் இதற்குப் பெயர் 'ரெட்டை உருட்டு'.

எல்லாப் பாத்திரங்களும் சமபலமாக இருந்தால் போதாதா?

இது நான்காம் எடிஷன் வழக்கு. 2008க்கு முன் மந்திரவாதி வளர வளர ஊரையே எரிப்பான், போர்வீரன் கடைசி வரை "வெட்டுறேன், மறுபடி வெட்டுறேன்" என்பான். நான்காவதில் எல்லோருக்கும் ஒரே அமைப்பு. எப்போதும் செய்யக்கூடியவை சில, சண்டைக்கு ஒரு முறை சில, நாளைக்கு ஒரு முறை சில. சமநிலை கிடைத்தது. ஆனால் திறமைகளை எழுதிவைக்கும் பாத்திரத் தாள் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆகிவிட்டது, மந்திரவாதியாக இருப்பதில் மந்திரம் இல்லை என்று பலர் கோபித்துக்கொண்டார்கள். அந்தக் கோபத்தில்தான் பைசோ நிறுவனம் 3.5இன் அடித்தளத்தில் பாத்ஃபைண்டர் என்ற வேறொரு ஆட்டத்தை 2009இல் கொண்டுவந்து, விலகியவர்களைச் சேர்த்துக்கொண்டது.

என் கருத்து கொஞ்சம் வேறு. ஆடுகிறவர்களுக்கு எப்படியோ, டிஎம்முக்கு நான்காவது பொற்காலம். மூன்றாவதில் ஒரு பூதத்தைத் தயார் செய்ய வேண்டுமென்றால் அதன் மந்திரங்களைத் தேடி நான்கு பக்கம் புரட்ட வேண்டும். நான்காவதில் எல்லாம் புத்தகத்தில் அந்தப் பூதத்துக்கென்று போட்ட பெட்டிக்குள்ளேயே இருக்கும். 'மினியன்' என்று ஒரே ஒரு உயிர்ப்புள்ளி உள்ள அடியாட்களையும் கொடுத்தார்கள். ஒரு தட்டு, ஆள் காலி. இருபது பேர் சூழ்ந்து வரும் சண்டையை நிம்மதியாக நடத்தலாம், நம் சினிமா ஹீரோ அடிக்கும்போது சுழன்று விழுவார்களே, அந்த மாதிரி. பாதி உயிர் போனால் 'பிளடீட்' என்று அறிவிக்கும் வழக்கமும் அதில் வந்ததுதான். திட்டித் தீர்த்த அந்த எடிஷனிலிருந்து 2024 புத்தகம் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது.

2024 திருத்தத்தில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை?

பிடித்தது: மருந்து. குணப்படுத்தும் மந்திரம் ஒரு பகடையிலிருந்து இரண்டாக ஏறியிருக்கிறது. மருந்துக் குப்பியைக் குடிப்பது சின்ன வேலையாகிவிட்டது, குடித்துவிட்டு அடிக்கவும் செய்யலாம். முன்பெல்லாம் யாரும் குடிக்காமல் பையிலேயே வைத்துக்கொண்டு செத்துப்போவார்கள்.

பாதி பிடித்தது: ஆயுதத்துக்கு ஒரு தனித் திறமை. பெரிய வாளால் அடித்துத் தவறினாலும் கொஞ்சம் காயம் படும், 'கிரேஸ்'. இது அருமை, தவறினாலும் முகம் தொங்காது. ஆனால் 'டாப்பிள்' இருக்கிறதே, ஒவ்வொரு அடிக்கும் எதிரி விழுந்தானா என்று நான் தனியாகப் பகடை போட வேண்டும். எங்கள் போர்வீரன் தன் முறை வரும்போதெல்லாம் இரண்டு அடி அடிக்கிறவன். மாலை முழுக்க உருட்டிக்கொண்டே இருக்கிறேன்.

பிடிக்காதது: ஒளிந்துகொள்வது. 15 எட்டினால் ஒளிந்துகொண்டாய், உனக்கு 'இன்விசிபிள்' நிலை என்கிறது புத்தகம். தூணுக்குப் பின்னால் பதுங்கிய எங்கள் திருடி உடனே எழுந்து, "நான்தான் கண்ணுக்கே தெரியமாட்டேனே, அப்படியே நடுவுல நடந்து போறேன்" என்றாள். "ஏம்மா, அது தூண் மறைக்கறதாலதானே?" என்றால், "புத்தகத்துல இன்விசிபிள்னுதானே போட்டிருக்கு?" என்கிறாள். திருடியாக ஆடுகிறவள் நிஜத்தில் வக்கீல். அன்றைக்கு மட்டும் ஏழு கோடு. விதி தப்பில்லை, பெயர்தான் தப்பு. ஒரு சொல்லை எடுத்தால் அது அன்றாடப் பேச்சில் என்ன அர்த்தம் தருமோ, ஆட்டத்திலும் அதையே தர வேண்டும்.

நடந்துகொண்டிருக்கும் கதையை நடுவில் புது எடிஷனுக்கு மாற்றலாமா?

வேண்டாம். நான் மாற்றினேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் மேசையில் ஒரு தம்பி பாலடின், அதாவது தெய்வ சக்தியோடு சண்டை போடும் வீரனாக ஆடுகிறான். பழசில் அடி விழுந்த பிறகு, ஒவ்வொரு அடியிலும் தெய்வ சக்தியை ஏற்றலாம், ஒரே முறையில் இரண்டு தடவைகூட. புதுசில் அது ஒரு மந்திரமாகி, ஒரு முறைக்கு ஒன்றுதான். ஒன்றரை வருடம் அவன் அதற்காகவே வளர்த்த ஆள். முதல் சண்டையில் விஷயம் புரிந்ததும் பென்சிலைக் கீழே வைத்தான். "அண்ணா, சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே." விதி நியாயமானதுதான், அவன் ஒருவனே எல்லா அரக்கர்களையும் இரண்டு அடியில் முடித்துக்கொண்டிருந்தான். ஆனால் கதை நடுவில் அதைப் பிடுங்கியது என் தப்பு. அந்தக் கதை முடியும்வரை அவனுக்கு மட்டும் பழைய விதி என்று ஒத்துக்கொண்டேன்.

மாறுவதானால் கதை முடிந்த பிறகு, முதலில் ஒரே நாளில் முடியும் ஒரு ஒன்-ஷாட், நீங்களே தயார் செய்த பாத்திரங்களோடு. சொந்தப் பாத்திரம் இல்லாதபோது யாருக்கும் எதையும் இழந்த வருத்தம் வராது.

பெங்களூருக்கென்று ஏதாவது ஆலோசனை?

உண்டு. இங்கே நான்கு மணி நேர செஷன் என்பது கற்பனை. ஆறு மணி என்றால் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலைத் தாண்டி வருகிறவர் ஆறே முக்காலுக்கு வருவார். மெட்ரோவில் வருகிறவர் அல்சூர் ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார், வந்து அரை மணி காத்திருப்பார். ஒன்பதே முக்காலுக்கு எல்லோரும் மறுபடி கிளம்ப வேண்டும். கையில் நிற்பது மூன்று மணி நேரம், அதில் டிபனுக்கு இருபது நிமிடம். அதனால்தான் கோடு எண்ணும் பைத்தியம் எனக்கு.

இந்த நேரக் கணக்குக்கு டி அண்ட் டி ஒத்துவரவில்லை என்றால் பாத்ஃபைண்டரின் 2019 எடிஷனைப் பாருங்கள். உங்கள் முறை வந்தால் மூன்று செயல், அவ்வளவுதான். நடப்பது ஒன்று, அடிப்பது ஒன்று, கேடயத்தைத் தூக்குவது ஒன்று. 'போனஸ் ஆக்‌ஷன்' (டி அண்ட் டியில் கூடுதலாகக் கிடைக்கும் சின்னச் செயல்) என்றால் என்ன என்று புது ஆளுக்கு விளக்கும் பத்து நிமிடம் மிச்சம். திரும்பத் திரும்ப அடித்தால் இரண்டாவது அடியில் 5, மூன்றாவதில் 10 கழியும் என்பதால் வேறு ஏதாவது செய்யவும் தோன்றும். ஆனால் மற்ற விதிகள் அதில் கூடுதல். வாரம் தவறாமல் வரும் மேசைக்கு அது, எப்போதாவது கூடுகிறவர்களுக்கு டி அண்ட் டி.

தமிழில் ஆடலாமா?

ஆடுகிறோம். விதியின் பெயர்கள் ஆங்கிலம், மற்றதெல்லாம் தமிழ். 'சேவிங் த்ரோ' என்று சொல்லிக்கொண்டிருந்த நான் இப்போது "தப்பிச்சியா பாரு" என்றுதான் சொல்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு விளக்கமே தேவைப்படுவதில்லை. மல்லேஸ்வரத்திலிருந்து வரும் கன்னட நண்பருக்கும் இது புரிகிறது. அவருடைய பூசாரி கன்னடத்தில்தான் மந்திரம் சொல்வார். நான் ஒரு விதியை மாற்றினால் மட்டும் தமிழுக்குத் தாவி, "என்ன குரு, மறுபடியும் மாத்திட்டியா?" என்பார்.

புத்தகம் விலை அதிகமாச்சே?

2024 ஆட்டக்காரர் புத்தகத்துக்கு அமெரிக்காவில் 49.99 டாலர், மொத்தம் 384 பக்கம். வாங்கும் முன் இலவசமாகக் கிடைப்பதைப் படியுங்கள். 2023 ஜனவரியில் டி அண்ட் டியை வெளியிடும் நிறுவனம் பழைய திறந்த உரிமத்தை மாற்றப் பார்த்து, ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்த பிறகு, அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய உரிமத்தில் விட்டுவிட்டது. 2024 விதிகளுக்கும் 2025இல் அதே மாதிரி எஸ்ஆர்டி 5.2 என்ற இலவச விதித் தொகுப்பு வந்தது. மூன்று மாதம் ஆட அது தாராளம். மேசைக்கு ஒரு புத்தகம் போதும், ஆளுக்கொன்று எதற்கு?

பழைய புத்தகங்களை என்ன செய்வது?

வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் உள்ள கதைகள் எல்லா எடிஷனிலும் ஓடும்.

எல்லாப் புது எடிஷனும் இப்படிப் புரட்டிப் போடுமா?

இல்லை. கால் ஆஃப் கதுலு 1981இல் வந்த ஆட்டம். அதன் ஏழாம் எடிஷன் 2014இல் வந்தபோது, உடல் வலிமை மாதிரி எண்களையும் சதவீதமாக்கினார்கள், ஏற்கெனவே திறமைகள் எல்லாம் சதவீதத்தில்தான் இருந்தன. பெரிய சேதம் இல்லை. ஆனால் 'புஷ்' என்று ஒரு விதி சேர்ந்தது. தோற்றுப்போன முயற்சியை இன்னொரு முறை செய்யலாம், எப்படி வேறு மாதிரி முயல்கிறாய் என்று சொல்ல வேண்டும். மறுபடி தோற்றால் டிஎம் உனக்குப் பெரிதாக ஏதாவது கேடு செய்வார். பூட்டு திறக்கவில்லையா, கம்பியை இன்னும் பலமாகத் திருகு. மறுபடி தவறினால் கம்பி உடைந்து, உள்ளே எதுவோ விழித்துக்கொள்ளும். "சரி, விட்டுடலாம்" என்று எழுந்து போகிறவர்கள் இந்த விதிக்குப் பிறகு எழுவதே இல்லை.

எங்கள் வீட்டு விதிகளைப் புது எடிஷனிலும் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. ஆனால் முதல் மூன்று செஷன் அச்சில் உள்ளபடியே ஆடிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள், நீங்கள் திருத்த நினைத்ததை அவர்களே திருத்தியிருக்கலாம். எங்களிடம் இருந்தவை இரண்டே இரண்டுதான், இப்போது ஒன்று. பாலடின் தம்பியின் கதை முடிந்துவிட்டதால் அவனுக்கும் இனி புது விதி. ஒளிந்த இடத்தைவிட்டு வெளியே வந்தால் கண்ணுக்குத் தெரியும், வக்கீலம்மா மேல்முறையீடு செய்திருக்கிறாள், வரும் சனிக்கிழமை விசாரணை.